புழுத்தட்டுக்கு அடியில் இருந்த தாள்கள்

தூரின், இத்தாலி, 14 ஏப்ரல் 1939

அன்புள்ள அக்கா,

ஆறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். பிரிக்காமலே அடுப்பில் போடத் தோன்றும். போடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். முட்டைக்காரி கியாரினாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைதோறும் நம் ஊரிலிருந்து இங்கே சந்தைக்கு வருகிறாளே, பதிலையும் அவளிடமே கொடு. தபாலில் எதுவும் போடாதே. தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள்.

பெரிய வெள்ளியன்று காலையில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வால்செக்கி என்று பெயர். அரசியல் போலீஸில் இன்ஸ்பெக்டர். ஒரு கையில் சாக்லேட் பெட்டி, மறு கையில் சின்னப் புத்தகம் ஒன்று. ருஷ்ய மொழியிலிருந்து நம் மொழிக்கு வந்த புத்தகம். ஒரு குடியானவப் பெண்ணின் மகனைப் போருக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள்; அவள் வாசலில் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. சுவிட்சர்லாந்தில் அச்சாகி எல்லை தாண்டி ரகசியமாக வந்திருக்கிறது. இங்கே தடை. மொழிபெயர்த்தவர் பெயர் அதில் இல்லை.

அந்த ஆள் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "மூணு வரி படிச்சாலே யார் எழுதினதுன்னு சொல்லிடுவீங்களாமே, புரொபசர்! பத்திரிகையில எல்லாம் உங்க விமர்சனத்தைப் பத்தி அப்படித்தான் போடறாங்க. இதை மொழிபெயர்த்தவன் யாருன்னு எனக்கு எழுதிக் கொடுங்க. ஜூன் பத்தாம் தேதி வரைக்கும் டைம். அவசரமில்லை."

அக்கா, அதை மொழிபெயர்த்தது நான்.

தெரியாமல்தான் என்னிடம் கேட்கிறாரா, தெரிந்துகொண்டே கேட்கிறாரா? ஒரு வாரமாக இந்த ஒரு கேள்விதான் என்னைத் தின்கிறது. படியில் காலடி கேட்டால் கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போகிறது. பால்காரனாக இருக்கும். ஆனாலும் போகிறது.

1937 கடைசியில் அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோது எட்டு நாள் மேல் அறையில் தங்கினேன். நாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த எட்டு நாளில்தான் இதன் முதல் பிரதியை எழுதினேன். மேல் அறை மரப்பெட்டியில் அது இருக்கிறது. நூறு தாளுக்கு மேல் இருக்கும், எல்லாம் என் கையெழுத்து. படிக்காதே. எரித்துவிடு. இது ஒன்றுதான் நான் கேட்பது.

எவாசியோ


காஸ்தெல்நேரோ, 21 ஏப்ரல்

எவாசியோ,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை, அதனால் போடவில்லை.

நான் ரெண்டாம் வகுப்பு. பென்சிலை நக்கி நக்கி எழுதுகிறேன். நீ என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவன், அதனால் முதலில் நீ கேட்டுக்கொள், பிறகு உன் பெட்டிக்கு வருகிறேன்.

1933, செப்டம்பர், திராட்சை அறுப்புக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிற பொதுத் தொட்டியடியில் பதினான்கு பேர் இருந்தோம். யார் யார் என்று பேர் சொல்லட்டுமா? மருந்துக் கடைக்காரன் பெண்டாட்டி எர்சிலியா ஒரு பத்திரிகையோடு வந்தாள். "தெல்ஃபினா, உன் தம்பி உங்க வீட்டைப் பத்தி எழுதியிருக்கான்" என்றாள். நான் ஈரக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக நின்றேன். அவள் உரக்கப் படித்தாள். "நான் பிறந்த வீட்டில் சொற்களே இல்லை. கரண்டிச் சத்தம் மட்டும்தான் இருந்தது." அத்தனை பேரும் துணி அடிப்பதை நிறுத்தினார்கள். எர்சிலியா கேட்டாள்: "ஏன் தெல்ஃபினா, உங்க வீட்ல எல்லாரும் ஊமையா?"

அந்த ஊமை, பன்னிரண்டு வயசில் வெர்செல்லி நெல் வயலில் முழங்கால் தண்ணீரில் நாற்பது நாள் குனிந்து களை பிடுங்கினாள். அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒவ்வொரு ஜூனும் போனாள். நீ லத்தீன் படிக்க, கிரேக்கம் படிக்க, ருஷ்யம் படிக்க. அட்டை கடித்த வடு ரெண்டு காலிலும் இருக்கிறது, வந்தால் எண்ணிப் பார்.

இப்போது உன் பெட்டி. திறந்தேன். நூறு தாள் இல்லை. நாற்பத்து மூன்றுதான் இருக்கிறது.

போன வருஷம் பட்டுப்புழு தோலுரிக்கிற மூன்றாவது தூக்கம் முடிந்து எழுந்த நேரம், தட்டில் விரிக்கத் தாள் தீர்ந்துபோனது. புழு தின்கிற தீனிக்குத் தினமும் தாள் மாற்ற வேண்டும், உனக்குத் தெரியாதா? மேலே போய்ப் பெட்டியைத் திறந்தேன். நல்ல தடித்த தாள். உன்மேல் கோபம் வேறு. எடுத்து விரித்துவிட்டேன். அழுக்கானதெல்லாம் எருக்குழிக்குப் போய் மக்கிவிட்டது, அதற்குப் பயமில்லை.

ஆனால் கேள். சுத்தமாக இருந்த சில தாளைப் பட்டுக்கூடு கொண்டுபோகிற கூடைகளின் அடியில் போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. கூடைகள் எடைக் கொட்டகைக்குப் போயின, நாலு கூடை திரும்பி வரவில்லை, வழக்கம்போல அங்கேயே கிடக்கின்றன. கூடைக் காதில் நம் வீட்டு அடையாளம் சூடுபோட்டு வைத்திருக்கிறது. கொட்டகைச் சாவி மொர்காந்தோவிடம். ஃபாசிஸ்டுக் கட்சிக்கு நம் ஊர்ச் செயலாளர் அவன்தான்.

நேற்று அந்தப் பக்கமாகப் போனேன். பூட்டு தொங்குகிறது. இந்த வருஷக் கூடு வருகிற வரை, ஜூன் வரை, திறக்க மாட்டானாம். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கூடைகள் தெரிந்தன. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

மீதி நாற்பத்து மூன்றையும் எரிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தெல்ஃபினா


தூரின், 29 ஏப்ரல்

அக்கா,

எரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏன் அக்கா? கோபம் தீர்க்க இதுதானா நேரம்?

1933-இல் அந்த வரியை எழுதியது நான்தான். எழுதும்போது அழகான வாக்கியமாகத் தோன்றியது. எனக்கு நேர்ந்த கெடுதல்கள் பலவும் அப்படித் தோன்றிய வாக்கியங்களால் வந்தவை.

வால்செக்கி மறுபடி வந்தார். காபி கொடுத்தேன். புத்தகத்தைத் திறந்து உரக்கப் படித்தார். அந்தத் தாய் அயல்வீட்டுக்காரியிடம் பேசும் இடம். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். "எங்க அம்மா இப்படித்தான் பேசுவா, புரொபசர். இதை எழுதினவன் கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்கணும். அப்புறம் அதே கையில விலங்கு மாட்டணும்" என்றார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அவர் புகழ்ந்தபோது எனக்குள் ஒரு முட்டாள் எழுந்து நின்று, நான்தான் அது என்று சொல்ல வாயைத் திறந்தான். கடைசி நொடியில் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.

நான் யோசித்திருப்பது இது. ஒலிவேரோ என்று ஒரு நண்பர், ருஷ்யம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர், ஜனவரியில் நிமோனியாவில் இறந்துபோனார். அவர் செய்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? செத்தவரை யார் என்ன செய்ய முடியும்? மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள், அவருடைய பென்ஷனில் பிழைக்கிறார்கள். அவர்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தத் தாள்களை எரித்துவிடு. மொர்காந்தோவின் கொட்டகைக்குப் பக்கம் போகாதே. போய்ப் பார்ப்பதை யாராவது பார்ப்பார்கள்.

எவாசியோ


காஸ்தெல்நேரோ, 19 மே

எவாசியோ,

செத்தவன் தலையில் போடாதே.

உனக்குத் தெரியாது, நீ அம்மா வயிற்றில் இருந்தாய். அப்பா காய்ச்சலில் செத்த மூன்றாம் நாள், பண்ணைக் கணக்குப்பிள்ளை பெர்சோனா, பிலிப்போ பெர்சோனா, இடது கண்ணில் பூ விழுந்தவன், காணாமல் போன ஆறு நெல் மூட்டையையும் அப்பா பேரில் எழுதினான். செத்தவர்தானே, வந்து இல்லையென்று சொல்லப் போகிறாரா? அம்மாவுக்கு வரவேண்டிய அந்த வருஷக் கூலி நெல்லை நிறுத்தினார்கள். அதனால்தான், பத்து வயசில் சேர்ந்த பள்ளிக்கூடத்திலிருந்து நான் நின்றேன். அதனால்தான் வயலுக்குப் போனேன். மூட்டையைத் திருடியது பெர்சோனாவின் மச்சான் என்று ஊருக்கே தெரியும். பெர்சோனாவின் பேரன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவான், நான் திரும்பிக்கொள்வேன். ஒலிவேரோ பெண்டாட்டிக்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ அப்படிச் செய்தால் உனக்கும் பெர்சோனாவுக்கும் வித்தியாசம் உன் கண் மட்டும்தான்.

இப்போது என் பயத்தைக் கேள். நேற்றுப் போலீஸ் வந்தது.

தாள்களை எரிக்கச் சொன்னாயா, நான் இந்த வருஷப் புழுவுக்கு அடியில் விரித்தேன். தீனி மாற்றும்போது தட்டை இறக்கி, அழுக்கைத் தட்டிவிட்டு, ஒரு பக்கம் படிப்பேன். மறுபடி விரித்து இலை போடுவேன். ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம், மூன்று பக்கம். படித்து முடிக்காததை எப்படி எரிப்பது?

காலை பத்து மணி இருக்கும். பேத்தி ரினா முசுக்கொட்டை இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். சார்ஜண்ட் தெமூரு, தெற்கே கலாப்ரியாக்காரன், கூட ஒரு இளவட்டம். தூரினிலிருந்து கடிதம் வந்ததாம், புத்தகம் எழுதுகிறவர்களின் சொந்தக்காரர் வீடுகளையெல்லாம் பார்க்கச் சொல்லி.

"பாரு" என்றேன். "அடுப்படியைப் பாரு, கோழிக்கூட்டைப் பாரு, என் கட்டிலுக்கு அடியில பாரு. இந்த ரூமுக்குள்ள மட்டும் வராதே. புழு நாலாவது தூக்கத்துல இருக்கு."

இளவட்டம் சிரித்தான். "புழு தூங்குதுன்னு அரசாங்கம் வெளியில நிக்கணுமா, பாட்டி?"

"வாயை மூடுடா" என்றான் சார்ஜண்ட். "போய் அந்தச் சிகரெட்டைத் தெருவுல போட்டுட்டு வா. எங்க அம்மாவும் புழு வளர்த்தவதான், எங்க அப்பாவையே உள்ள விட மாட்டா."

அவன் பூட்ஸைக் கழற்றினான், தொப்பியை எடுத்தான், வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தன. மூன்றாவது தட்டிலிருந்து ஒரு தாளின் ஓரம் வெளியே தொங்கியது, மை தெரிந்தது. அவன் அதையே பார்த்தான்.

"அது என்னம்மா?"

"பழைய தாள்."

"ம்" என்றான். பூட்ஸ் மாட்டினான். போய்விட்டான். பார்த்துப் புரிந்துகொண்டானா, புரியவில்லையா, எனக்குத் தெரியாது. நீ உன் இன்ஸ்பெக்டரைப் பற்றிக் கேட்கிற கேள்வியை நான் இவனைப் பற்றிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதற்குத்தான் பென்சிலைச் சீவினேன். அந்தத் தாய் பேசுகிறாளே, "அவனைக் கூட்டிட்டுப் போன பூட்ஸ் சத்தம் படியில இறங்கிப் போச்சு, என் காதுலேர்ந்து இன்னும் இறங்கலை" என்று. "களி வெந்துச்சான்னு கேட்க ஆளில்லாத வீட்ல நெருப்புக்கு என்ன அவசரம்" என்று. எவாசியோ, அது நான். அம்மா செத்த வாரத்தில், சமையலறையில், என் நத்தாலேயை நினைத்து நான் சொன்னது. அபிசீனியாவில் ரோடு போடுகிற வேலை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி ஸ்பெயினுக்கு அனுப்பினார்களே என் மகனை, அவனுக்காக. ரெண்டு வருஷமாக ஒரு கடிதம் இல்லை. ஸ்பெயினில் சண்டை முடிந்துவிட்டதாம், அப்படியும் இல்லை. நீ மேலே அழுதுகொண்டிருக்கிறாய் என்று நினைத்து நான் சத்தம் போடாமல் நடந்தேன். நீ தரைப் பலகை இடுக்கில் காதை வைத்து எழுதிக்கொண்டு இருந்திருக்கிறாய்.

சொல் இல்லாத வீட்டிலிருந்து எத்தனை சொல் எடுத்திருக்கிறாய், எண்ணினாயா?

கடைசித் தாள் பெட்டியில் இல்லை, போன வருஷமே புழுவுக்கு அடியில் போயிருக்க வேண்டும். அந்தப் பையன் திரும்பி வந்தானா? அதை மட்டும் எழுது.

தெல்ஃபினா


தூரின், 27 மே

அக்கா,

ஒலிவேரோவின் பெயரில் எழுதி வைத்திருந்த அறிக்கையைக் கிழித்துவிட்டேன். பெர்சோனாவைப் பற்றி நீ இதுவரை சொன்னதே இல்லை.

ஆமாம், கேட்டேன். காதை வைத்துத்தான். வேறு எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக அந்தத் தாயை நம் மொழியில் பேசவைக்க முயன்று தோற்றுப்போயிருந்தேன். என்னிடம் இருந்தவை எல்லாம் புத்தகத்தில் படித்த சொற்கள். அவள் வாயில் போட்டால் பொம்மை பேசுவது போல இருந்தது. முதல் நாள் சாயங்காலம் கீழே இருந்து உன் குரல் வந்தது. நீ அம்மாவின் பழைய காலணியை எடுத்து வைத்துக்கொண்டு கியாரினாவிடம் பேசினாய். பென்சிலை எடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. எழுதுவதை அது நிறுத்தவில்லை.

பையன் வந்தானா என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கடிதத்தில் எழுத என்னால் முடியவில்லை.

வேறொன்று சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு, ஜூன் நான்கு, ஒருவர் என்னை மலை வழியாக சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போக ஒப்புக்கொண்டிருக்கிறார். சின்னப் பை மட்டும்தான் கொண்டுபோக முடியும். பத்தாம் தேதி வால்செக்கி சாக்லேட்டோடு வரும்போது கதவு பூட்டியிருக்கும். டிராம் நிறுத்தத்தில் சாம்பல் தொப்பி போட்ட ஒருவன் மூன்று நாளாக நிற்கிறான். ஞாயிறு வரை அவன் என் படியேறாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கடைசித் தாளை அங்கிருந்து எழுதுகிறேன்.

எவாசியோ


காஸ்தெல்நேரோ, 2 ஜூன்

எவாசியோ,

நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்று மொர்காந்தோ கொட்டகையைத் திறந்தான். கூடைகளை வெயிலில் காயப்போட்டிருக்கிறார்கள். நம் கூடை ஒன்றின் அடியில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்ததாம். மத்தியானம் ஆள் அனுப்பினான். பஞ்சாயத்து ஆபீசில் மேஜைமேல் அந்தத் தாள். அந்தத் தாய் "பூட்ஸ் சத்தம்" என்று மறுபடியும் சொல்கிற பக்கம்.

"யாரு எழுதினது, தெல்ஃபினா?"

கேட்டுவிட்டு அவன் தலையை ஆட்டி ஆட்டிப் படித்தான். பிறகு மேஜையைத் தட்டினான். "அட, இது நீ பேசறதுதானே! மில்லுல என்னைத் திட்டினியே, அதே மாதிரி. உன் மகனைப் பத்தி யாரையோ வெச்சு எழுத வெச்சிருக்கே. 'பிடிச்சிட்டுப் போனாங்க'ன்னு. உன் மகன் தானா இஷ்டப்பட்டுப் போனவன். இது அரசாங்கத்தைப் பழிக்கிறது. யாருக்குக் கொடுத்து எழுதின?"

அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது, கையெழுத்து உன்னுடையது என்று இந்தக் கழுதைக்குத் தெரியவில்லை. என் வாயை மட்டும்தான் அடையாளம் கண்டிருக்கிறான்.

"ஆமா, என் பேச்சுதான்" என்றேன். "ஒரு வழிப்போக்கன் எழுதிக் கொடுத்தான். பேரு தெரியாது."

தாளை இன்று தூரினுக்கு அனுப்புகிறானாம். நாளைக் காலை என்னைக் காசாலே ஜெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். சார்ஜண்ட் தெமூரு வந்து சொல்லிவிட்டுப் போனான். வாசலில் நின்றான், தொப்பியை எடுத்தான், "புழு கூடு கட்டிடுச்சா?" என்று கேட்டான். கட்ட ஆரம்பித்துவிட்டது என்றேன். "அப்ப அந்தப் பழைய தாள் இனிமே தேவைப்படாதே" என்றான். அவன் போனதும் நாற்பத்து மூன்றையும் அடுப்பில் போட்டேன். பார்த்தவன்தான் அவன். முதல் நாளே பார்த்தவன்.

நீ ஞாயிற்றுக்கிழமை கிளம்பு. என்னைப் பற்றி யோசிக்காதே. கிழவியை எத்தனை நாள் வைத்துச் சோறு போடுவார்கள்? ஆனால் எவாசியோ, ரினாவுக்கு அஞ்சு வயசு. அவள் அம்மா பியெல்லாவில் மில் வேலையில் இருக்கிறாள், ஞாயிறு தவிர வர முடியாது. கியாரினாவிடம் விட்டுப் போகிறேன். என் நாக்கு நடுங்கவில்லை. பொய் சொல்லும்போதுகூட நடுங்கவில்லை.

பையன் வந்தானா என்று நீ சொல்லவே இல்லை.

தெல்ஃபினா


தூரின், 3 ஜூன்

அக்கா,

கியாரினா அழுதுகொண்டே வந்து உன் கடிதத்தைக் கொடுத்தாள். இந்நேரம் உன்னைக் கொண்டுபோயிருப்பார்கள். இதை அவள் எப்படியாவது உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்கிறாள்.

நான் போகவில்லை. மலை வழிக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். பையைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் வைத்தேன்.

அந்தத் தாள் தூரினுக்கு வந்துவிட்டால் வால்செக்கி அதைப் புத்தகத்தோடு வைத்துப் பார்ப்பார். வரிக்கு வரி ஒன்றாக இருக்கும். உன்னை விடமாட்டார்கள், அந்த வழிப்போக்கன் யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நீ சொல்லமாட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அறிக்கை எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான் எழுதியதிலேயே சின்ன விமர்சனம் இதுதான். ஒரு நகல்:

"இந்த மொழிபெயர்ப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு ருஷ்ய மொழி தெரியும். மழை, சாலை, வானம் என்று வர்ணிக்கும் இடங்களில் அவரைக் காணலாம். சரியாகவும் உயிரில்லாமலும் எழுதுகிறார். அவர் கீழே கையெழுத்திட்டிருக்கும் எவாசியோ போஸ்திக்கோ. தாய் வாய் திறக்கும் இடங்களில் பேசுகிறவர் வேறொருவர். அவர் தெல்ஃபினா போஸ்திக்கோ, நெல் வயலில் களை பறித்தவர், பள்ளியில் இரண்டு வருஷம். அவருக்கு இப்படி ஒரு நூல் தயாராவதே தெரியாது. அவருடைய சொற்கள் தரைப் பலகை இடுக்கு வழியாக, அவர் அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்டவை. திருடியவன் நான். பறிகொடுத்தவரைச் சிறையில் வைக்க எந்தச் சட்டமும் இல்லை. அவரை விட்டுவிடவும்."

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

எவாசியோ


தீவு, 20 ஆகஸ்ட்

அக்கா,

இந்தத் தீவில் ஐந்து வருஷக் காவல் என்று தீர்ப்பு. வாரத்துக்கு ஒரு கடிதம், ஒரே தாள், இருபத்து நாலு வரி. அனுப்புமுன் அதிகாரி படிப்பார். அதனால் புத்தகத்தின் பெயரை எழுதவில்லை. உனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையின் கடைசியை எழுதுகிறேன்.

ஊரில் மற்ற வீட்டுப் பையன்கள் சிலர் திரும்பி வந்துவிட்டார்கள். சாயங்காலம். அவள் மேஜையைத் துடைக்கிறாள். ஒரு கிண்ணம் வைக்கிறாள். பக்கத்தில் இன்னொரு கிண்ணம் வைக்கிறாள். இழுப்பறையைத் திறக்கிறாள். இரண்டு கரண்டி எடுத்து வைக்கிறாள். அந்தச் சத்தம் கேட்கிறது. அதோடு முடிகிறது. மகன் வந்தானா என்று எழுதியவர் சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியாது. ஒரு கிண்ணம் கூட வைக்கலாமா, குறைக்கலாமா என்று பலமுறை நினைத்தேன். என் தொழிலில் அதற்கு அனுமதி இல்லை.

அந்தப் பக்கத்துக்கு மட்டும் உன்னிடமிருந்து ஒரு சொல்லும் எடுக்கவில்லை. அவள் அங்கே பேசுவதில்லை. அதை எழுதி முடித்த அன்று நீ கீழே மேஜை போட்டுக்கொண்டிருந்தாய். ரினாவுக்கும் உனக்கும் கியாரினாவுக்கும் என்று மூன்று கரண்டி விழவேண்டும். நான் எண்ணினேன். நான்கு விழுந்தன. நான்காவது எனக்கோ நத்தாலேவுக்கோ தெரியாது. நான் இறங்கி வரவில்லை.

1933-இல் நான் அச்சில் போட்டது பொய். அந்த வீட்டில் கேட்டது எனக்குப் புரியவில்லை, அதனால் இல்லை என்று எழுதினேன். இந்த இருபத்து நாலு வரியில் எழுத வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

எவாசியோ


காஸ்தெல்நேரோ, 24 செப்டம்பர்

எவாசியோ,

இதைப் படிக்கிற ஆபீசர் ஐயாவுக்கும் வணக்கம். நீங்களும் படித்துக்கொள்ளுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை.

என்னை ஒன்பதாம் நாள் விட்டார்கள். உன் இன்ஸ்பெக்டர் காசாலேக்கே வந்தார். மெலிந்த ஆள், நான் குண்டாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். உன் அறிக்கை கையில் இருந்தது. "உங்க தம்பி முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுப்பார்னு நெனச்சேன். ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டார்" என்றார். ஆக, தெரிந்துதான் கேட்டிருக்கிறார். சாக்லேட் கொண்டுவந்து பூனை மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார். கிளம்பும்போது, "அம்மா, அந்தப் பூட்ஸ் வரியை ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்களேன்" என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அவர் பேரையும் என் பட்டியலில் சேர்த்துவிட்டேன். பெர்சோனாவுக்குப் பக்கத்தில்.

நான்காவது கரண்டி உனக்கு. நத்தாலேவுக்கு நான் கரண்டி வைப்பதில்லை. அவன் கரண்டியை இழுப்பறையிலிருந்து எடுத்து அவன் சட்டையோடு சுற்றி வைத்திருக்கிறேன், வந்ததும் கழுவிக் கொடுப்பேன். எட்டு நாளும் உனக்கு வைத்தேன். எட்டு நாளும் ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போனாய். காது இருந்தது, கால் இல்லை உனக்கு.

அப்புறம், தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டால் ஆயிற்றா? நீ என்னைச் சந்தியில் நிறுத்தியது பதினான்கு பேர் நடுவில். அதனால் உன் கடிதத்தை மடித்து மார்பில் செருகிக்கொண்டு செவ்வாய்க்கிழமை தொட்டிக்குப் போனேன். பதினான்கில் மூன்று பேர் செத்துவிட்டார்கள், மருமகள்கள் வந்திருந்தார்கள். எர்சிலியாவைக் கூப்பிட்டேன். "நீதானே அன்னைக்குப் படிச்சே, இதையும் நீயே படி."

"எனக்கு மூக்குக் கண்ணாடி இல்லை" என்றாள்.

"இந்தா" என்று என்னுடையதைக் கொடுத்தேன்.

படித்தாள். முதலில் குரலை உயர்த்தித்தான் ஆரம்பித்தாள். மேஜையைத் துடைக்கிற இடத்தில் மெதுவானாள். அவள் ரெண்டாவது மகனுக்குப் போன வாரம் பட்டாளத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது, உனக்குத் தெரியாதே. போலந்தில் சண்டை ஆரம்பித்ததிலிருந்து தபால்காரன் எந்தத் தெருவில் திரும்பினாலும் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ரெண்டு கரண்டி எடுத்து வைக்கிறாள் என்று படித்தவள் நிறுத்திவிட்டாள். யாரும் துணி அடிக்கவில்லை. தண்ணீர் மட்டும் விழுந்தது.

"பையன் வந்தானா, தெல்ஃபினா?" என்று என்னைக் கேட்டாள். அவளே படித்துக்கொண்டிருக்கிறாள், என்னைக் கேட்கிறாள்.

"அதுல என்ன இருக்கோ அதைப் படி" என்றேன்.

மீதியையும் படித்தாள், "பொய்" என்கிற இடம் வரைக்கும். நான் தாளை வாங்கி மடித்துக்கொண்டு, என் துணியை அலசி முடித்து வந்தேன்.

பயமாகத்தான் இருக்கிறது. நத்தாலேயைப் பற்றிப் பயம், உன் தீவைப் பற்றிப் பயம், ரினா கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓடினால் அதற்கும் பயம். ஒவ்வொரு வாரமும் எழுது. இருபத்து நாலு வரி என்றால் இருபத்து நாலும் எழுது, ஒன்று குறைந்தாலும் நான் எண்ணுவேன்.

உன் அக்கா
தெல்ஃபினா